வண்டி மலையில இருக்குதுங்க

ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டுப் பஸ்ல வர்றவங்களைப் பாத்தா என்னால சும்மா உக்கார முடியறதில்லீங்க. தப்பா நெனைக்காதீங்க. வண்டி எங்கீங்க நிக்குது? வால்பாறையிலயா? என்னாச்சுங்க?

ஓ, கிளட்ச் கேபிளா. கேபிள் வாங்கப் பொள்ளாச்சி வரைக்கும் எறங்கி வந்துட்டுத் திரும்பப் போறீங்க. இதைத்தானுங்க நான் எல்லார்கிட்டயும் சொல்றது. புதுக் கேபிள் ஒண்ணைப் பழைய கேபிளோட சேத்து டேப்பைச் சுத்தி வண்டியிலயே ஓட்டி வெச்சிரோணும். அறுந்த எடத்துல முனையை மாத்திப் போட்டமா, கெளம்புனமான்னு இருக்கலாம். சொன்னா ஆரு கேக்கறாங்க?

என்ற வண்டியும் மலையிலதான் இருக்குதுங்க. ரொட்டிக்கடையில. அதைப் பாக்கத்தான் போறேன். வாராவாரம் போறனுங்க. என்ன வண்டின்னா கேக்கறீங்க? அட்வென்ச்சர் பைக்குங்க. ரொம்பப் பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல, நடு சைஸு. நம்ம ரோட்டுக்கு அதுதான் சரி. பெரிய வண்டி மலையில கனம், சின்ன வண்டி ஹைவேயில தெணறும். இது ரெண்டுக்கும் பொதுவானதுங்க. ஒத்தை சிலிண்டர், தண்ணி கூலிங். முன்சக்கரம் பெரிசு, குழியில எறங்குனாலும் ஏறிக்கும். கம்பி வீல்தான், ஆனா ட்யூப்லெஸ். எஞ்சினுக்கு அடியில கல்லுப் படாம இருக்க அலுமினியத் தகடு. ரேடியேட்டருக்கு முன்னால வலை. கைக்குக் காத்து அடிக்காம கார்டு. பின்னாடி ரெண்டு பக்கமும் அலுமினியப் பொட்டி, சாவி போட்டுப் பூட்டறது. பின்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்ஸை ஆஃப் பண்ணிக்கலாம். மண்ணு ரோட்டுல அது வேணுங்க. ரெயின் மோடு, ரோடு மோடு, ஆஃப்ரோடு மோடுன்னு மூணு இருக்குது. இடது கையில ஒரு பட்டன்தான்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கங்க. ஆழியாறு தாண்டியாச்சு, கொரங்கு கைய விடும்.

எனக்குக் கோட்டூருங்க. நாரு மில்லு வெச்சிருந்தேன், தேங்கா நாரு. ஒடம்பு முடியாம மச்சினங்கிட்ட விட்டுட்டேன். பொழுது போகோணுமில்லீங்க, அப்பத்தான் வண்டி எடுத்தது. எடுத்துட்டா மட்டும் போதுங்களா? பராமரிப்புதானே வண்டி. ஞாயித்துக்கெழமை காலையில ஷெட்டுல ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் ஃபேன் சுத்தற வரைக்கும் ஓட உட்டு ஆஃப் பண்ணுவேன். வண்டியை நேரா நிறுத்தி, கண்ணாடி வழியா ஆயில் மட்டம் பாப்பேன். கூலன்ட் ஆறுனதுக்கப்பறம் பாப்பேன். ஸ்போக்கு ஒவ்வொண்ணையும் சின்ன ஸ்பானர்ல தட்டிப் பாக்கோணுங்க. இறுக்கமா இருந்தா கிணுங்குன்னு ஒரே சத்தமா வரும், தளந்திருந்தா டப்புன்னு கேக்கும். செயினைப் பிரஷ் போட்டுத் தேச்சு, தொடச்சு, லூப் எண்ணெய் அடிச்சு, தொங்கல் ரெண்டு வெரல் இருக்குதான்னு பாத்து வெப்பேன். எங்க ரைடர்ஸ் குரூப்புல எல்லாரும் எங்கிட்டத்தான் சந்தேகம் கேப்பாங்க. லடாக் போனப்பக்கூட வழி நெடுக, "சென்னி சார், செயின் சத்தம் போடுது", "சென்னி சார், கோல்டு ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது"ன்னு ஒரே மெசேஜு. நான் கோட்டூர்ல உக்காந்துக்கிட்டே அவங்களைக் கொண்டுபோய்ச் சேத்துக் கூட்டிட்டு வந்தனுங்க. நானில்லாம அந்த ட்ரிப்பே நடந்திருக்காது.

நான் ஏன் போகலைன்னா கேக்கறீங்க? சரியா அமையலீங்க. ஒண்ணு, ரோடு. ரெண்டு, சீசன். சீட்டு ஒசரமும் கொஞ்சம் ஜாஸ்திதான். காலு நுனி மட்டும் தொடும். ஆனா அது ஒரு கொறை இல்லீங்க, இந்த வகை வண்டியே அப்பிடித்தான். தெரிஞ்சவங்க நுனிக்கால்லயே ஓட்டுவாங்க. பால் சொசைட்டி முன்னாடி ஒருக்கா நிறுத்தறப்ப வண்டி படுத்துக்கிச்சு. க்ராஷ் கார்டு வேலை செஞ்சுதுங்க, வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. எனக்குத்தான் முட்டியில அடி. சொசைட்டிக்காரங்க நாலு பேரு ஓடிவந்து ஹேண்டில் பாரைப் பிடிச்சு இழுக்கறாங்க, அசையல. அப்ப எங்கூட்டுக்காரி பால் கேனோட வந்தாளுங்க. கலாமணி. கேனைக் கீழ வெச்சா, சேலையை இழுத்துச் சொருகுனா, வண்டிக்கு முதுகைக் காட்டி உக்காந்து சீட்டை இடுப்புல முட்டுக் குடுத்துக் காலால தள்ளுனா. எந்திரிச்சுக்கிச்சு. அதுதான் சரியான முறைங்க, வீடியோவுல அப்பிடித்தான் காட்டுவாங்க. இவ எங்க கத்துக்கிட்டான்னு நான் கேக்கல. பெட்ரோல் ஒழுகுதான்னு பாத்துட்டிருந்தேன்.

அவ என்னைவிட ஒசரமுங்க. பொண்ணு பாத்தப்பவே எங்க சித்தப்பா அதைச் சொல்லித்தான் வேண்டாம்னாரு.

அப்பறம் நான் வண்டியை வெளிய எடுக்கறதைக் கொறச்சுக்கிட்டேன். பயம்னு நெனைக்காதீங்க. வண்டி நல்லா இருக்கோணுமில்லீங்க.

கலாமணிக்குச் சொந்த ஊரு இந்த மலைதான். அவங்கப்பா எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க்கு. கூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு ஃபிலோமினான்னு, கல்யாணம் பண்ணிக்கல, ரொட்டிக்கடையில தனியா மெஸ் வெச்சிருக்குது. வண்டி எடுத்த அன்னைக்கே இவ கேட்டா, "ஏனுங்க, வண்டியில ஒருக்கா ஃபிலோவைப் பாத்துட்டு வரலாமா?" நான் சொன்னேன், ரன்னிங்-இன் முடியட்டும். எஞ்சினைப் பழக்காம மலை ஏத்தக் கூடாதுங்க. அது முடிஞ்சதும் கேட்டா. ஃபர்ஸ்ட் சர்வீஸ் ஆகட்டும்னேன். அதுவும் ஆச்சு, மழைக்காலம் வந்துருச்சு. மழை விட்டதும் கேட்டா. அப்பத்தான் நான் டயர் மாத்தியிருந்தேன். புது டயருக்கு மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேயாம கொண்டை ஊசியில சாச்சா வழுக்குமுங்க. இதெல்லாம் நான் பொறுமையா வெளக்கிச் சொன்னனுங்க. அவ காய் அரிஞ்சுட்டே கேப்பா. தெனமும் சாயங்காலம் சமையக்கட்டுல உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். ஆயில் கிரேடு, பிரேக் ஃப்ளூயிட், இஞ்சின் பிரேக்கிங், எல்லாமே. அவளுக்குப் புரியுதோ இல்லையோ, எனக்கு ஒரு திருப்தி.

"அவ்வளவு ஆசையா இருந்தா பஸ்ல போயிட்டு வா"ன்னும் சொன்னேன். தடுக்கலீங்க நான். அதுக்கு அவ, "உங்ககூடப் போலாம்னு பாத்தேன்"னா. சரி, பின்சீட்டு சௌகரியத்தைப் பத்தி யோசிக்கறா போலன்னு ஜெல் குஷன் ஒண்ணு வரவெச்சுப் போட்டேன். நல்ல குஷனுங்க. அதுல ஆரும் உக்காரல.

பொறவு கேக்கறதையும் உட்டுட்டா.

போன ஆடிங்க. நாலு நாளா விடாத மழை. காலையில போன் வருது. ஃபிலோமினா மெஸ் வாசப்படியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு எஸ்டேட் ஆஸ்பத்திரியில கெடக்குது. ஆபரேஷன் பண்ணோணும், கையெழுத்துப் போடக்கூட ஆளில்ல. இந்த ரோட்டுலதான் மண்ணு சரிஞ்சு, மரம் விழுந்து, பஸ் எல்லாம் நிறுத்திட்டாங்க. டூவீலரை மட்டும் ஓரமா விடறாங்கன்னாங்க.

கலாமணி வந்து நின்னா. "ஏனுங்க, வண்டியை எடுங்க. போலாம்."

முந்தின நாள்தானுங்க நான் செயினை முழுசாக் கழட்டி, மண்ணெண்ணெயில ஊற வெச்சு, தொடச்சு, லூப் அடிச்சு வெச்சிருக்கேன். ராத்திரி முழுக்க ஊறி அப்பத்தான் செட் ஆகியிருக்குது. அந்தச் சேத்துல கொண்டுபோய் வெச்சா என்னாகும்? நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. "நாளைக்கு வழி தொறந்துருவாங்க, பஸ்ல போலாம், இப்பப் போனா செயின்ல மண்ணு ஏறிக்கும்"னேன். 

அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. கோவமெல்லாம் இல்ல. வண்டி மீட்டரை நான் எப்பிடிப் பாப்பனோ அப்பிடிப் பாத்தா. உள்ள போயிட்டா.

சமாதானமாயிட்டான்னு நெனச்சு நான் குரூப்புல ஒரு ஆளுக்கு ஏர் ஃபில்டர் பத்திப் பதில் டைப் பண்ணிட்டிருக்கேன். ஷெட்டுல செல்ஃப் சத்தம் கேக்குது. ஆரோ ரோட்டுல போறாங்கன்னு நெனச்சேன். நம்ம வண்டிச் சத்தம்னு எனக்கே பிடிபடறதுக்குக் கொஞ்ச நேரமாச்சுங்க. வெளிய ஓடுனா, என்ற ரைடிங் ஜாக்கெட்டு, என்ற ஹெல்மெட்டு, சுடிதார் பேண்ட்டுக்கு மேல என்ற மழைப் பேண்ட்டு. வண்டி மேல கலாமணி. ரெண்டு காலும் தரையில பூரா ஊனி இருக்குது.

நான், "கலா, ரெயின் மோடு!"ன்னு கத்தறேன். அவ திரும்பி, "போட்டாச்சுங்க"ன்னா. கிளட்ச்சை உட்டா. போயிட்டா. சும்மா சொல்லக் கூடாது, கிளட்ச் ஒரு இழுப்பு இழுக்கலீங்க. வெண்ணெய் மாதிரி போச்சு.

எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா கேக்கறீங்க? இஞ்சினைச் சூடு பண்ணாம எடுத்துட்டாளேன்னு தோணுச்சு. நெசமாத்தான் சொல்றேன். மத்ததெல்லாம் அப்பறம்தான் தோணுச்சு. மழையில நனைஞ்சுட்டே கேட்டுலயே நின்னுட்டிருந்தேன். ஏன் நின்னேன்னு தெரியல. மத்தியானம் போன் வந்துது. "வந்து சேந்துட்டேன். கையெழுத்துப் போட்டாச்சு. சாப்பாடு ஃப்ரிஜ்ஜுல இருக்குது." அவ்வளவுதான். நான் செயினைப் பத்திக் கேக்கறதுக்குள்ள வெச்சுட்டா.

பஸ் உடறதுக்குப் பத்து நாளாச்சு, உட்ட மொத நாளே கெளம்பிட்டனுங்க. பிரஷ்ஷு, லூப்பு, வேஸ்ட் துணி, எல்லாம் எடுத்துக்கிட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு ஃபிலோமினா ஊட்டுக்கு வந்துருச்சு. ஊட்டு முன்னாடி வண்டி நிக்குது பாருங்க... சேறு இல்லாத எடமே இல்ல. ரேடியேட்டர் வலையில எலை சொருகிக் கெடக்குது. செயின்ல செம்மண்ணு களி மாதிரி. நான் அங்கயே திண்டு மேல உக்காந்துட்டேன். உள்ள கலாமணி ஃபிலோமினாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டிருக்கா. நான் உள்ள போயி, "செயினைப் பாத்தியா?"ன்னேன்.

அவ, "ஃபிலோ எப்பிடி இருக்கான்னு கேளுங்க"ன்னா.

கேட்டனுங்க. கேக்காம இருப்பனா? அதைத்தான் ரெண்டாவதாக் கேக்கறதா இருந்தேன்.

அன்னைக்கு மத்தியானம் பூரா வண்டியைக் கழுவுனேன். பிரஷர் போடக் கூடாதுங்க, பேரிங்குல தண்ணி ஏறிக்கும். மக்குல மோந்து மோந்து ஊத்திக் கழுவோணும். ஃபிலோமினா ஜன்னலோரக் கட்டில்ல படுத்துட்டுப் பாத்துட்டே இருந்துச்சு. நல்ல பொண்ணுதான், வாயி கொஞ்சம் ஜாஸ்தி. "அண்ணா, உங்களுக்கு எலும்பு ஒடஞ்சா கலா எந்த கிரேடு ஆயில் ஊத்தோணும்? இப்பவே சொல்லி வெச்சிருங்க"ங்குது. வலியில இருக்கறவங்க என்னமோ பேசுவாங்கன்னு நான் பெரிசா எடுத்துக்கல.

அதுதான் சொல்லுச்சு, இவங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக் காலத்துலயே ஃபிலோமினா அப்பாவோட பழைய மோட்டார் சைக்கிளை எஸ்டேட் ரோட்டுல ஓட்டிப் பழகுனவங்களாமா. தேயிலைக் காட்டுக்குள்ள, மழையில, அட்டைக்கடியோட. கலாமணிதான் நல்லா ஓட்டுவாளாமா. நான் அவளைக் கேட்டேன், "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" அவ சொல்றா, "நீங்க கேக்கலீங்களே." பொண்ணு பாக்கப் போன எடத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டுவியான்னு ஆருங்க கேப்பாங்க?

சரி, எப்ப வர்றேன்னேன். "ஃபிலோ நடக்கட்டும்"னா. நாயமான பேச்சுதான். கூட ஆளு வேணுமில்லீங்க. மெஸ்ஸையும் இவதான் பாத்துக்கிட்டா. மெஸ்ஸுன்னா வர்றவங்க உக்காந்து சாப்படறது மட்டுமில்ல, சுத்துப்பட்டு எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க, பேங்க்குக்காரங்க, டிஸ்பென்சரி நர்ஸுங்க, அத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு அனுப்போணும். முந்தி ஒரு ஜீப்புல போயிட்டிருந்துதாமா. இவ வண்டியில எடுத்துட்டுப் போறா. என்ற அலுமினியப் பொட்டியிலீங்க! மெத்தைத் துணி போட்டு நான் மூடி வெச்சிருந்த பொட்டி. அதுக்குள்ள டிபன் கேரியர். ஒரு பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் கொழம்பு. ரெண்டாவது வாரம் போய்த் தொறந்து பாக்கறேன், மூலையில சாம்பார் காஞ்சு போயிருக்குது. அலுமினியத்துக்குப் புளி ஆகாதுங்க. அரிச்சுரும். சொன்னேன். அடுத்த வாரம் வாழையெலை விரிச்சிருந்தா. சொன்னாக் கேக்கறவதான்.

அட்டகட்டி வந்துருச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி. எறங்கவும் நேரமில்ல.

ஊர்ல சொந்தக்காரங்க கேப்பாங்க, "கலாமணி எங்க?"ன்னு. "வண்டி மலையில இருக்குது"ன்னு சொல்லிருவேன். உள்ளதுதானே? வண்டி அங்க இருந்தா அவளும் அங்கதான இருக்கோணும்? எங்க பொண்ணு சௌந்தர்யா ஓசூர்ல இருக்குது. அது போன்ல, "அப்பா, நீங்களும் அம்மாவும் பேசிக்கறீங்களா இல்லையா?"ன்னு கேக்குது. என்ன கேள்வி பாருங்க. பேசாம? போன வாரம்கூட டயர் காத்தைப் பத்தி அரைமணி நேரம் பேசுனோம். கல்யாணமாகி இத்தனை காலத்துல நாங்க இவ்வளவு பேசுனதே இல்லீங்க. வெள்ளிக்கெழமை ராத்திரி அவளே கூப்புடுவா. "முன்பிரேக்குல கிறீச்சுன்னு வருது", "எறக்கத்துல ரெண்டாவது கியர்ல வெச்சாப் போதுமா?"ன்னு. நான் சொல்லச் சொல்ல, உம், உம்னு கேப்பா. பின்னால பாத்தரம் கழுவற சத்தம் கேக்கும். நான் போனை வெச்சுட்டுப் பாத்தா, நம்மூட்டுச் சமையக்கட்டு இருட்டா இருக்கும். லைட்டைப் போட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்து படுத்துக்குவேன்.

ஃபிலோமினா வாக்கர் பிடிச்சு நடந்துச்சு. பொறவு தடி. இப்பத் தடியும் இல்லாம மெஸ் கல்லாவுல வந்து உக்காந்துக்குது. நடக்கட்டும்னு சொன்னவ நடந்ததுக்கப்பறமும் வரலீங்க. நான் கேக்கல. ஏன் கேக்கலைன்னா, வண்டி அந்த ரோட்டுக்கு நல்லாப் பழகிக்கிச்சு. ஷெட்டுல நிக்கறப்ப எஞ்சின்ல ஒரு கரகரப்பு இருந்துச்சு பாத்துக்கங்க, அது போயே போச்சு. ஓடற வண்டியை நிறுத்தறது பாவமில்லீங்களா?

போன மாசம் ஒருக்கா, பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கற ஆளு வரல. கலாமணி, "நீங்க பின்னாடி உக்காந்து ஒரு கேரியரைப் பிடிச்சுக்கங்க, பொட்டி நெறஞ்சு போச்சு"ன்னா. சரின்னு ஏறுனேன். ஏறறதுக்கே ஒரு கல்லு மேல நிக்க வேண்டியிருந்துது. அந்த ஜெல் குஷன் நெசமாவே நல்லா இருக்குதுங்க. சிபாரிசு பண்ணுவேன்.

தார் ரோடு முடிஞ்சு எஸ்டேட்டு மண்ணு ரோடு. கல்லும் குழியுமா ஒரே மேடு. நான் கேரியரைக் கட்டிப் பிடிச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். இப்பத் தூக்கி அடிக்கும், இப்பத் தூக்கி அடிக்கும்னு பாக்கறேன். ஒண்ணும் அடிக்கல. சஸ்பென்ஷன் அத்தனையும் வாங்கிக்குது. லாங் ட்ராவல் சஸ்பென்ஷன், லாங் ட்ராவல் சஸ்பென்ஷன்னு எத்தனை பேருக்கு நான் வெளக்கியிருப்பேன்! அன்னைக்குத்தானுங்க அதுல உக்காந்து பாத்தேன். கம்பெனிக்காரன் பொய் சொல்லல.

பெரிய பள்ளம் ஒண்ணு வந்துது. கலாமணி ஃபுட்ரெஸ்ட்டுல எந்திரிச்சு நின்னுக்கிட்டா. நின்னுட்டே ஓட்டறா. எனக்கு முன்னால என்ற ஜாக்கெட்டு மட்டும்தான் தெரியுது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேயிலை. அவ என்னமோ பாட்டு மொணங்கறா. அவ பாடி நான் கேட்டதில்லீங்க. எனக்கு வயித்துக்குள்ள என்னமோ ஒரு மாதிரி ஆச்சு. பஸ்ல கொமட்டுமே, அந்த மாதிரி இல்ல. வேற. நான் அதைப் பத்தி நல்லா யோசிச்சுப் பாத்தனுங்க. பின்னாடி ஷாக் அப்சார்பர் ஒத்தை ஆளு கனத்துக்கு செட் பண்ணி இருந்துது. ரெண்டு ஆளு உக்காந்தா ப்ரீலோடை, ஸ்பிரிங் இறுக்கத்தை, கூட்டோணும். அதனாலதான் அப்பிடி இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சரம்மா கேக்குது, "இது ஆருங்கக்கா?" கலாமணி, "எங்கூட்டுக்காரரு. வண்டியைப் பாத்துக்கறவரு இவருதான்"னா. மில்லு வெச்சு நடத்துனவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா அந்தம்மா, "ஓ, அவரா! அக்கா அடிக்கடி சொல்லுவாங்க"ன்னுச்சு. என்ன சொல்லுவான்னு நான் கேக்கல. கேரியர் சூடா இருந்துது, கீழ வெக்கோணுமில்லீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்ககிட்டச் சொல்லலாம், நீங்களும் வண்டி வெச்சிருக்கறவரு.

போன வாரம் போனேன். வழக்கம்போலப் பிரஷ்ஷை எடுத்துட்டு உக்காந்து பாத்தா, செயின் பளபளன்னு இருக்குது. தொங்கல் ரெண்டு வெரல், அளவெடுத்த மாதிரி. ஆயில் மட்டம் சரி. கூலன்ட் சரி. டயர் காத்துச் சரி. ஸ்போக்கைத் தட்டிப் பாக்கறேன், அத்தனையும் கிணுங்குது. ஏர் ஃபில்டரைத் தொறந்தா அதுவும் சுத்தம். வலையில ஒரு எலை இல்ல. முந்தின நாளே எல்லாம் பண்ணி வெச்சிருக்கா. எனக்குக் கை ஓடல. ஸ்பானரைத் தொடச்சு வெச்சேன். திரும்ப எடுத்துத் தொடச்சேன். வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்தேன். அதுக்கப்பறம் என்ன பண்றதுன்னு தெரியலீங்க. அந்தத் திண்டுலயே உக்காந்துட்டேன்.

கலாமணி டீ கொண்டுவந்து வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்தா. பனி எறங்கிட்டிருந்துது. அப்பறம் அவ, "இன்னைக்கு வேலை ஒண்ணுமில்லையாட்ட இருக்குது"ன்னா.

"எல்லாம் நீயே பண்ணிட்டியே"ன்னேன்.

"ஆமா, பண்ணிட்டேன்."

"அப்ப அடுத்த வாரம் நான் வர வேண்டியதில்ல"ன்னேன். வேறென்னங்க சொல்றது? வேலை இல்லாத எடத்துக்கு வந்து என்ன பண்றது?

அவ டீயைப் பூராக் குடிச்சு முடிச்சா. டம்ளரைக் கீழ வெச்சா. "டேப்பட் செட்டிங் பாக்கோணுமில்லீங்க?"ன்னா.

நான் சிரிச்சுட்டேன். டேப்பட்டுங்கறது வால்வு கிளியரன்ஸு, எஞ்சின் வால்வுக்கு உடற எடைவெளி, உங்களுக்குத் தெரியும். அதுக்கு இன்னும் ஏகப்பட்ட கிலோமீட்டர் இருக்குது. "இப்ப எதுக்கு? அது வர்றதுக்கு இன்னும் நாளாகும்"னேன்.

"மலை ரோட்டுல ஓடற வண்டிங்க. முன்னாடியே பாத்துட்டா நல்லது."

"பாக்கலாம். ஆனா அது நெனச்ச நேரத்துல பாக்க முடியாது கலா. எஞ்சின் நல்லாக் குளுந்து கெடக்கோணும். இளஞ்சூடு இருந்தாலும் அளவு தப்பாக் காட்டும். நான் வர்றது மத்தியானம். நீ அப்பத்தான் சாப்பாடு குடுத்துட்டு வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவே. எஞ்சின் ஆறறதுக்குள்ள எனக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்."

"தெரியும்"னா. "சாயங்காலம் நிறுத்திட்டு, ராத்திரி பூரா ஆறட்டும். காலையில எந்திரிச்சுப் பாருங்க."

ஜன்னலுக்கு உள்ள ஃபிலோமினா எதுக்கோ இருமுச்சு. அதுக்குச் சளித் தொந்தரவு இருக்குதுங்க.

இதை நான் ஒரு வாரமா யோசிக்கறனுங்க. டெக்னிக்கலா அவ சொன்னது சரி. ராத்திரி பூரா நிறுத்தி வெச்சுக் காலையில பாக்கறதுதான் முறை. அதுல நான் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அவசரம் என்னங்க? பண்ண வேண்டிய காலத்துக்கு இத்தனை முந்தி எதுக்கு? எனக்கென்ன சந்தேகம்னா, எஞ்சின்ல டிக்கு டிக்குன்னு சத்தம் ஏதோ வருது, எங்கிட்டச் சொன்னாத் திட்டுவேன்னு மறைக்கறா. போன்ல கேட்டேன், "சத்தம் ஏதாவது வருதா?" "ஒண்ணும் வரலீங்க, நீங்க வாங்க"ன்னுட்டா. அதுவேதானுங்க சந்தேகத்தைக் கெளப்புது. ஒண்ணும் இல்லாமயா வாங்கன்னு சொல்லுவா?

நீங்க ஏங்க சிரிக்கறீங்க? உங்க வண்டியில டேப்பட் எப்பப் பாத்தீங்க? பாத்தீங்களா, தெரியாது. எல்லாரும் இப்பிடித்தான்.

இதோ ரொட்டிக்கடை. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பாத்து, அதுல ஃபீலர் கேஜ் இருக்குது, டேப்பட் அளக்கற மெல்லிசுத் தகடு, மடங்கிறக் கூடாது. மேல இருக்கறது லுங்கியும் ஸ்வெட்டரும். பல்லு வெளக்கற பிரஷ்ஷும் இருக்குது. புதுசுங்க. எஞ்சின் ஆறறதுக்கு நேரமாகுமில்லீங்க.

டிரைவர், கொஞ்சம் நிறுத்துங்க. எறங்கறனுங்க. எங்கூட்டு ஆளு வந்து நிக்குது.